பூடானையும் ஐஸ்லாந்தையும் ஒரே தராசில் நிறுத்துபவர்களுக்கு

தலைக்கு இத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு என்று இரண்டு பட்டைகளை வரைந்து, "பூடானைப் பார்த்து ஐஸ்லாந்து கற்றுக்கொள்ளட்டும்" என்று முடிக்கும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பட்டைகள் பொய்யில்லை, ஒப்பீடுதான் கோளாறு.

பூடான் உள்நாட்டில் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுக்கப் புனல்மின். ஐஸ்லாந்தில் பெரும்பகுதி புனல்மின், மீதி புவிவெப்பம். அதனால் மின்நிலையப் புகையை ஓரமாக வைத்துவிடலாம். தொழிற்சாலையில் மிஞ்சுவது இரண்டு: சூளையில் எரிக்கும் நிலக்கரி, எண்ணெயின் புகை ஒன்று; வேதிவினையிலேயே பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு இன்னொன்று. மின்சாரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த இரண்டாவது குறையாது. இதைப் பார்க்காமல் போடும் ஒப்பீடு எதற்கும் உதவாது.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். அலுமினாவிலிருந்து (அலுமினிய ஆக்சைடு) ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலையை, மின்சாரம் பாய்ச்சும் கார்பன் கட்டியான ஆனோடு செய்கிறது. செய்துகொண்டே தானும் கரைகிறது. சமன்பாட்டின்படி ஒரு டன் உலோகத்துக்கு 333 கிலோ கார்பன், அதாவது 1.22 டன் கார்பன் டை ஆக்சைடு. நடைமுறையில் ஆனோடின் மேற்புறம் காற்றில் எரிகிறது, மின்னோட்டத்தில் ஒரு பங்கு வீணாகிறது. அதனால்தான் முன்கூட்டியே சுட்டு வைத்த ஆனோடுக்கு ஐபிசிசி (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) தரும் பொதுக் காரணி, அதாவது ஒரு டன் பொருளுக்கு வெளியேறும் வாயு, 1.6 டன். ஐஸ்லாந்தின் ஸ்ட்ரௌம்ஸ்விக் அலுமினிய ஆலை 1969 முதல் ஓடுகிறது; குருண்டார்தாங்கியில் 1998-லும், கிழக்குக் கரையில் 2007-லும் அடுத்த இரண்டு வந்தன. மூன்றும் சேர்ந்து வழக்கமான ஆண்டில் 8 லட்சம் டன்னுக்கு மேல் உருக்குகின்றன. 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 13 லட்சம் டன். நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில், ஆனோடு மட்டுமே தலைக்கு மூன்று டன்னைத் தாண்டிவிடுகிறது! அந்த உலோகமோ பெரும்பாலும் கப்பலேறி வெளியே போகிறது. இதில் ஐஸ்லாந்துக்காரரின் ஊதாரித்தனம் எங்கே வந்தது?

பூடானில் அலுமினிய உருக்காலை இல்லை. அங்கே சிமெண்ட், ஃபெர்ரோசிலிக்கன் (இரும்பும் சிலிக்கனும் சேர்ந்த கலவை), கால்சியம் கார்பைடு. சிமெண்ட் கணக்கு எளிது: சூளையிலிருந்து வரும், அரைத்தால் சிமெண்டாகும் கட்டிதான் கிளிங்கர்; அதில் ஒரு டன்னுக்குச் சுண்ணாம்புக்கல் சிதைவதால் மட்டும் சுமார் 0.52 டன். சூளை நிலக்கரி இதில் சேராது. அது நாட்டின் வாயுக் கணக்கில் எரிசக்திப் பிரிவில் வரும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு நாட்டுக்கு இரண்டையும் கூட்டி, மற்றதற்கு ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். கிளிங்கரை விட்டுச் சிமெண்டின் எடையை வைத்துக் கணக்குப் போடுவதும் தப்பு. கலப்புச் சிமெண்டில் கிளிங்கர் குறைவு. ஐஸ்லாந்தில் இருந்த ஒரே சிமெண்ட் ஆலை மூடிவிட்டது. கணக்கு அட்டவணையில் சிமெண்டுக்கு நேரே பூஜ்யம், ஆனால் கட்டடங்கள் இறக்குமதிச் சிமெண்டில் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

நேர்மையாக ஒப்பிட ஒரு பொருள் உண்டென்றால் அது ஃபெர்ரோசிலிக்கன். பூடானின் பாசாகாவிலும் செய்கிறார்கள், ஐஸ்லாந்தின் குருண்டார்தாங்கியிலும் செய்கிறார்கள், இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஆற்றுநீர் மின்சாரம். 75 சதவீத ரகம் ஒரு டன்னில் 750 கிலோ சிலிக்கன். சமன்பாட்டின்படி அதற்கு 643 கிலோ கார்பன், 2.36 டன் கார்பன் டை ஆக்சைடு. ஐபிசிசி காரணியோ 4 டன். இடைவெளி ஏன்? சிலிக்காவின் ஒரு பகுதி புகைத்தூளாகப் பறந்துவிடுகிறது, உலையின் மேற்பரப்பில் கோக் (சுட்டெடுத்த நிலக்கரி) வீணாக எரிகிறது, நிலக்கரியின் எளிதில் ஆவியாகும் பொருள் போகிறது, உலைக்குள் மின்சாரம் செலுத்தும் கார்பன் மின்முனையும் தேய்கிறது. ஆகவே சமன்பாட்டை மட்டும் நம்பினால் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடுவீர்கள். ரகத்தையும் கேட்க வேண்டும்: 65 சதவீத ரகத்துக்குக் காரணி 3.6, சிலிக்கன் உலோகத்துக்கு 5.

இன்னும் பெரிய ஓட்டை மரக்கரி. நிலக்கரிக்குப் பதில் மரக்கரியோ மரச்சில்லோ போட்டால் அந்தக் கார்பன் மரத்திலிருந்து வந்த உயிர்மக் கார்பன் என்று தனியாகப் போகும். தொழிற்சாலைக் கணக்கில் சேராது. மரம் வெட்டிய இழப்பு, வெட்டிய நாட்டின் காட்டுக் கணக்கில் வரவேண்டும். பூடானின் முக்கிய இறக்குமதிகளில் மரக்கரியும் ஒன்று. உலையின் வாயில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது, வெளியேறும் வாயு அதேதான். எனவே டன்னுக்கு 3 என்று ஓர் ஆலை சொன்னால், அது திறமையா மரக்கரியா என்று பிரித்துப் பார்க்காமல் பாராட்டாதீர்கள்.

குளிர்காலத்தில் ஆறு வற்றும்போது பூடான் இந்தியாவிலிருந்து மின்சாரம் வாங்குகிறது. அந்தப் புகை இந்தியாவின் கணக்கு. விதிப்படி சரிதான், ஆனால் உலை ஓடியது பாசாகாவில். வெளியிடுவதைவிட அதிகம் உறிஞ்சும் நாடு என்று பூடானுக்குத் தரும் "கார்பன் நெகட்டிவ்" பட்டத்தையும் இங்கே இழுக்காதீர்கள்; காடு உறிஞ்சுவதைக் கழித்த எண்ணை, கழிக்காத எண்ணோடு வைப்பது பித்தலாட்டம். பழைய அட்டவணைகள் சில கார்பன் டை ஆக்சைடில் அல்லாமல் வெறும் கார்பன் டன்னில் இருக்கும் என்பதையும் கவனியுங்கள், 3.67-ஆல் பெருக்காமல் விட்டால் கதை கந்தல்.

சின்ன நாட்டில் ஓர் ஆலை வந்தாலே தேசியக் கோடு செங்குத்தாக எகிறும். ஐஸ்லாந்து இதை அன்றே வாதாடி வாங்கியது. 2001-இல் மராக்கேஷ் பருவநிலை மாநாட்டில், 1990-இல் வளர்ந்த நாடுகளின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடில் 0.05 சதவீதத்துக்கும் கீழே இருந்த நாடுகளுக்கு ஒரு சலுகை: புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஓடும் தனிப்பெருந்திட்டங்களின் செய்முறை வாயுவை, ஆண்டுச் சராசரி 16 லட்சம் டன் வரை கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தின் வரம்புக்கு வெளியே தனியாகக் காட்டலாம். என்னைக் கேட்டால், காரணம் நியாயம், அளவு தாராளம். அந்த வரம்பு நடப்பிலிருந்த 2008-2012 எண்களை எடுப்பவர்கள், தனியாகக் காட்டிய அந்த அளவைச் சேர்த்தார்களா என்று பாருங்கள்.

காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சும் ஐஸ்லாந்தின் ஓர்கா நிலையத்தைக் காட்டி "அவர்கள் சமன்செய்துவிடுவார்கள்" என்பவர்களும் உண்டு. அதன் வடிவமைப்புத் திறன் ஆண்டுக்கு 4,000 டன். 2,500 டன் அலுமினியத்தின் ஆனோடு வாயு அது. மூன்று ஆலைகளும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு நாள் வேலை.