போரில் ஒரு நாடு யாரைச் செலவெழுதுகிறது?

நேற்று மாலை காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு தம்பிகள் கைபேசியில் உக்ரைன் போர்க்காட்சி ஒன்றைப் பார்த்தார்கள். வெட்டவெளியில் ஒரு சிப்பாய் ஓடுகிறான், டிரோன் பின்னாலேயே போகிறது. அவன் நின்று, திரும்பி, அதை அண்ணாந்து பார்க்கிறான். அத்தோடு படம் முடிந்துவிட்டது. "ரஷ்யாக்காரன் சாவுக்கு அஞ்ச மாட்டான், அமெரிக்காக்காரன்தான் தரையில் இறங்கப் பயப்படுவான்" என்றார் ஒரு தம்பி. எனக்கு டீ இறங்கவில்லை.

நாடுகளுக்கு வீரன், கோழை என்று பட்டம் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, பார்க்கிற ஊர் நம்முடையது. போர் வந்தால் ஒரு நாடு எதை முதலாகக் காப்பாற்றுகிறது, யாரைப் போனால் போகட்டும் என்று செலவெழுதிவிடுகிறது என்று பாருங்கள். அதன் மனம் தெரிந்துவிடும்.

என் அப்பாவைப் பெற்ற ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாகக் கப்பலேறி, பர்மாவின் பெகுவில் ஒரு வட்டிக்கடையில் மேலாளுக்கு உதவியான அடுத்தாளாக இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காத ஐயா, எல்லையோரத் தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார். அந்த ஆண்டு பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தவர்கள் நாலைந்து லட்சம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். அந்த மலையிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள்.

பிரிட்டனைக் கோழை என்று சொல்ல முடியுமா? 1940இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய தன் படையையும் நேச நாட்டுப் படையையும் மீட்க மீன்பிடிப் படகுகள்கூட ஆங்கிலக் கால்வாயைக் கடந்தன. 3,38,000 பேர் கரை சேர்ந்தார்கள். இரண்டே ஆண்டு கழித்து, ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று வங்காளக் கரையோரத்துப் படகுகளை அதே பிரிட்டன் பறிமுதல் செய்தது, உடைத்தது. மீனவனுக்குத் தொழில் போனது, நெல் ஏற்றிப் போக வழி அடைந்தது. பர்மா அரிசியும் நின்றுபோயிருந்தது. 1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் செத்தார்கள். அங்கே படகு உயிரைக் காத்தது, இங்கே அதே படகைப் பிடுங்கினார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிகிறது.

'ஆசியா ஆசியர்களுக்கே' என்று வந்த ஜப்பானும் நம்மவர்களை விட்டுவைக்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிப்போன தமிழர்கள் ஜப்பான் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். சரணடைவதே இழிவு என்று தன் சிப்பாயையும் சாகப் பழக்கிய அரசு, கூலியாளின் உயிரை எண்ணியா பார்த்திருக்கும்?

அமெரிக்கா தரையில் இறங்கத் தயங்குவதற்குப் பயம் காரணமில்லை, தம்பி. வியட்நாமில் 58,000 பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது. 1973இல் கட்டாய ராணுவச் சேவையையே நிறுத்தியது. 1999இல் அதன் தலைமையில் நேட்டோ ராணுவக் கூட்டணி யுகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு போட்டது. விமானங்கள் பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலேயே பறந்தன. எதிரி சுட்டு நேட்டோ வீரர் ஒருவரும் சாகவில்லை. கீழே பாலத்திலும் ரயிலிலும் இருந்தவர்கள் செத்தார்கள்.

ரஷ்யாவின் கதை வேறு. சோவியத் மக்கள் 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்தது நாடே அழியவிருந்த போரில். உக்ரைன் போரில் விடுதலை தருகிறோம் என்று சிறைக்கைதிகளைப் போர்முனைக்கு அனுப்பியதை அதனோடு சேர்த்து வீரம் என்று சொல்லாதீர்கள். எதிரே உக்ரைன், ஆள் தட்டுப்பாட்டிலும் கட்டாயமாகத் திரட்டும் வயதை 2024இல்தான் 27இலிருந்து 25 ஆக்கியது. இளைஞர்களை விதைநெல்லாக வைத்துப் பார்க்கிறது.

நம் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 1971 போரில் 93,000 பேரைச் சிறைபிடித்தோம், பிறகு திருப்பி அனுப்பினோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நாமே நம்பிய நம் வீரர்கள் 54 பேர் வரவில்லை. அந்த வீடுகளில் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயாவின் நோட்டுகள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. பெகுவிலிருந்து அவரோடு கிளம்பியவர்கள் பதினோரு பேர். கடைச் சமையல்காரர் உட்பட ஐந்து பேர் ஊர் வந்து சேரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதுக்கணக்கு எழுதும்போது, பிள்ளையார் சுழிக்குக் கீழே அந்த ஐந்து பெயரையும் முன்பாக்கி, அதாவது போன கணக்கின் தீராத பாக்கி, என்று எழுதிய பிறகுதான் மற்ற வரவு செலவுக்குப் போவார். எதிரே தொகை இருக்காது. அவர் காலமான 1996ஆம் ஆண்டு நோட்டிலும், நடுங்கிய எழுத்தில், அந்த ஐந்து பெயர்களும் இருக்கின்றன.