தடித்த கம்பி சோதிப்பது விரல்களைத்தான்

“தடித்த கம்பியில் டெட்லிஃப்ட் செய்தால் முதுகும் தொடையும் இரண்டு மடங்கு வலுப்பெறும்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கும் எடைக்கம்பியை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவது. நடப்பது வேறு. வழக்கமான கம்பியின் விட்டம் 28, 29 மில்லிமீட்டர்; தடித்தது ஏறத்தாழ 50. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் பூட்டிக்கொள்ளாது. எடை தரையை விட்டுக் கிளம்பியதும் கம்பி உருண்டு விரல்களைப் பிரித்துவிடும். வழக்கமான கம்பியில் 140 கிலோ தூக்கும் எனக்கு இதில் 100 கிலோவே பெரும்பாடு. பிட்டத்துக்கும் பின்தொடைக்கும் அது விளையாட்டு. மணிக்கட்டில் மாட்டிக் கம்பியைச் சுற்றும் பட்டையைக் கட்டிக்கொள்ளலாம் என்கிறீர்கள். அது விரல்களின் வேலையைப் பறித்துவிடும். அப்புறம் தடித்த கம்பி எதற்கு? கனமான செட்களை வழக்கமான கம்பியில் முடித்துவிட்டு, பிடிவலுவுக்காக இரண்டு மூன்று செட் இதில் செய்யுங்கள். இரு உள்ளங்கைகளும் உங்களைப் பார்த்தே இருக்கட்டும். ஒன்றைத் திருப்பினால் கம்பி உருளாது, விரல்களுக்கு வேலையும் குறைந்துவிடும்.