மறந்தவளைப் பழிகாரி ஆக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோத்தகிரியில் நடந்த 'அவே ஃப்ரம் ஹெர்' படத் திரையிடலுக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பேச்சின் பாதியில் ஏன் எழுந்து போனேன் என்று மூன்று பேர் போன் செய்து கேட்டார்கள். மழை வருகிறது, கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி வைத்தேன். அது பொய். இரண்டு நாளாக அடுப்படியில் நின்றாலும் அந்தப் பேச்சுதான் காதில் ஓடுகிறது. எழுதிவிட்டால்தான் ஆறும்.

படம் முடிந்து பேசிய நண்பர், மறதி நோய் வந்த நாயகியைப் பற்றிச் சொன்னது இதுதான்: "ஃபியோனா எதையும் மறக்கவில்லை. அத்தனை வருடம் பொறுத்துவிட்டுக் கடைசியில் புருஷனுக்குத் தண்டனை கொடுக்கிறாள். மறதி அவள் போட்ட வேஷம்." உடனே கைதட்டல். "இப்படித்தான் செய்யணும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். நண்பர் சொன்னதைவிட அந்தக் குரல்தான் என்னை எழுந்து போக வைத்தது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'அவே ஃப்ரம் ஹெர்', 2006-இல் வந்த கனடா படம். ஆலிஸ் மன்றோவின் சிறுகதை ஒன்றை எடுத்துக்கொண்டு சாரா பாலி இயக்கிய முதல் முழுநீளப் படம். அப்போது அவருக்கு 27 வயது. கிராண்ட், ஃபியோனா என்று ஒரு தம்பதி, கல்யாணமாகி 44 வருடம். கழுவிய வாணலியைத் துடைத்து ஃப்ரீசருக்குள் வைக்கிறாள் ஃபியோனா. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். மறதி முற்றியதும் அவளே ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போக முடிவெடுக்கிறாள். முதல் 30 நாள் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. 30 நாள் கழித்துப் பூங்கொத்துடன் போகிறார் கிராண்ட். அவள் ஆப்ரி என்ற, சக்கர நாற்காலியில் இருக்கும், அதிகம் பேசாத ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கட்டிய கணவனைப் புதிதாக வந்தவர் என்று நினைத்து, டீ வேண்டுமா என்று கேட்கிறாள்.

கிராண்ட் பேராசிரியர். ஒரு காலத்தில் மாணவிகளோடு தொடர்பு வைத்திருந்தவர். அது ஃபியோனாவுக்கும் தெரியும். அதனால்தான் அவருக்குள் அந்தச் சந்தேகம் முளைக்கிறது. இவள் நடிக்கிறாளோ, என்னைத் தண்டிக்கிறாளோ என்று.

இங்கேதான் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சந்தேகம் யார் வாயிலிருந்து வருகிறது? கிராண்ட் வாயிலிருந்து. மன்றோவின் கதையும் கிராண்ட் பக்கம் நின்றுதான் சொல்லப்படுகிறது. அவர் கேள்வி நமக்குக் கேட்கிறது. அவள் பதில் கேட்பதில்லை. தப்பு செய்தவன் மனசு தன் தப்பையே எல்லா இடத்திலும் பார்க்கும். அதை எடுத்து அவள் மேல் போட்டு, அவள் எண்ணமே இதுதான் என்று தீர்ப்பு எழுதுகிறீர்களே, அது என்ன நியாயம்? அவள் மறந்தாள். அவர் சந்தேகப்பட்டார். இரண்டும் இரண்டு ஆள் சங்கதி.

காரில் போகும்போது அந்த மாணவிகளைப் பற்றி அத்தனை தெளிவாகப் பேசுகிறாளே, அப்படியென்றால் ஞாபகம் இருக்கிறதே என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, மதித்தே பதில் சொல்கிறேன். அல்சைமர் என்ற இந்த மறதி நோய் பெரும்பாலும் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் முதலில் கை வைக்கிறது. புது ஞாபகங்கள் பதிய அந்தப் பகுதி வேண்டும். அதனால் காலையில் சாப்பிட்டது போகும், நாற்பது வருடத்துக்கு முந்தைய காயம் நிற்கும். வாணலி எங்கே போகும் என்று தெரியாதவளுக்குப் பழைய துரோகம் தெரிவது இந்த நோயின் இயல்பு. புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கூட இருந்து பார்த்தேன்.

என் அம்மாவுக்கு 2015-இல் ஆரம்பித்தது. அம்மாவும் அப்பாவும் சிலோன்காரர்கள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழர் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் 1973-இல் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். கோயம்புத்தூரில் டாக்டர் அம்மாவைக் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். பள்ளிக்கூடமே போகாத அம்மா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிரதமர் யார் என்று கேட்டார். "சிறிமாவோ" என்றாள், அவள் கப்பலேறிய காலத்தில் சிலோன் பிரதமராக இருந்தவர் பெயர். கூட வந்த உறவுக்காரர் சிரித்துவிட்டார், அம்மா வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து. டாக்டர் சிரிக்கவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "தப்பு அடிச்சிட்டாங்க, பெரட்டுக்கு நேரமாச்சு" என்பாள். சிலோனில் டிக்கோயா தோட்டத்தில் ஆட்களை எழுப்பத் தப்பு அடிப்பார்களாம். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது. பகலில் போர்வையின் நூலை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டே இருப்பாள். கொழுந்துக் கூடை அங்கே இருக்கிறது அவளுக்கு. ரெண்டு இலையும் ஒரு மொட்டும், அளவு தப்பாது. போர்வையின் ஒரு ஓரம் முழுக்க நூல் பிரிந்து கிடந்தது. அந்தப் போர்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. இதையுமா நடித்தாள்?

ஆனால் நடிக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். முதலில் சொன்னவர் அப்பா.

ஒரு நாள் ராத்திரி அப்பா அறைக்குள் வந்தபோது, "யார் இந்த ஆளு? ஆம்பிளை யாரும் உள்ளே வரக் கூடாது" என்று அம்மா கத்தினாள். அப்பா திண்ணையில் போய்ப் படுத்தார். ஜனவரி மாசம், புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. மறுநாள் காலையில் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் வீட்டுக்காரர் திருப்பூர் போயிருக்கார், இன்னும் வரலை" என்றாள். அப்பா முகம் செத்துப்போயிற்று. "பாத்தியா புள்ள, வேணும்னே சொல்றா. அத்தனை வருஷம் வாயத் தொறக்காம இருந்துட்டு, இப்ப சொல்றா" என்றார்.

இதற்கு முன் நான் எங்கும் சொன்னதில்லை. இப்போது இரண்டு பேரும் இல்லை, சொல்கிறேன். 1984-இல் அப்பா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். இரண்டு வருடம் வரவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது. அம்மா கொழுந்து எடுத்து எங்கள் இருவரையும் வளர்த்தாள். பிறகு ஒரு நாள் அப்பா பையோடு வாசலில் நின்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். அன்றிலிருந்து திருப்பூர் என்ற ஊர்ப்பெயரே எங்கள் வீட்டில் பேசப்படவில்லை.

அதனால் அப்பாவுக்கு அது தண்டனையாகத்தான் கேட்டது. நண்பருக்கு ஃபியோனா தெரிந்ததுபோல. ஆனால் எனக்கு வேறாகக் கேட்டது. அம்மா 1984-க்குள் இருந்தாள். அவள் கணவன் இன்னும் வரவில்லை. எதிரே நிற்கும் வயசானவர் யாரோ. அவள் யாரையும் குத்தவில்லை, வழி பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி ராத்திரி இதையே யோசித்திருக்கிறேன். குத்தவில்லை.

"உங்கள் அம்மா கதையை ஏன் படத்தின் மேல் ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். ஏற்றுகிறேன். நீங்கள் வேறு எதை வைத்துப் பார்த்தீர்கள்?

கலை என்றால் பல அர்த்தம் இருக்கும், இயக்குநரே தெளிவாகச் சொல்லாமல்தான் விட்டிருக்கிறார் என்றும் சொன்னார்கள். சரி, விட்டிருக்கிறார். அப்படியென்றால் கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். "எதையும் மறக்கவில்லை" என்று அடித்துச் சொன்னது கதவைச் சாத்துவது. நான் கதவைத் திறக்கச் சொல்கிறேன். அந்த இல்லத்து நர்ஸ் ஒருத்தி கிராண்டிடம் சொல்வாளே, கடைசிக் காலத்தில் பெரிதாக ஒன்றும் தப்பு நடக்கவில்லை என்று நினைப்பது அநேகமாக எப்போதும் ஆண்கள்தான், உங்கள் மனைவியும் அப்படித்தான் நினைக்கிறாரா என்று. அந்த இடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆப்ரியின் மனைவி மரியனைப் பற்றியும் பேசவில்லை. இல்லத்துக்குப் பணம் கட்டினால் வீடு போய்விடும் என்று கணவனைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்த் தனியாகப் பார்த்துக்கொள்கிறாளே, அவள்தான் அந்தப் படத்தில் என் சொந்தக்காரி. ஒரு மணி நேரப் பேச்சில் அவள் பெயர்கூட வரவில்லை.

பின்வரிசைப் பெண்ணுக்கு என்ன சொல்வது? அம்மா நீங்கள் நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், தெரிகிறது. ஒரு பெண் கடைசியிலாவது திருப்பி அடித்தாள் என்று பார்க்க ஆசை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் நடிப்பு என்ற சொல் லைன் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்தேன். "பசிச்சா தானா ஞாபகம் வரும், ஒரு நாள் சோறு போடாம விடு" என்றாள் என் சொந்த அத்தை. பாவாடை நனைந்தபோது, "வேணும்னே பண்றா, ரெண்டு போடு" என்றவர்களும் உண்டு. ஒரு தடவை நானே கை ஓங்கினேன். அம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "கங்காணி அய்யா, நாளைக்கு நேரத்தோட வந்துர்றேன்" என்றாள். அதனால்தான் சொல்கிறேன். மறதியை நடிப்பு என்று சொன்னால் அடுத்து கை உயரும். நீங்கள் கைதட்டியது அதற்கு.

சகுந்தலையை மறந்த துஷ்யந்தனுக்கு எவ்வளவு பரிவு காட்டியிருக்கிறோம். காளிதாசன் துர்வாசர் சாபத்தைக் கொண்டுவந்தான், மோதிரத்தைக் கொண்டுவந்தான், மோதிரத்தை மீன் வயிற்றுக்குள் வைத்தான். எல்லாம் ராஜா மேல் பழி விழாமல் இருக்கத்தான். மகாபாரதத்தில் இருக்கும் பழைய கதையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று சபையில் அவளைத் தெரியாததுபோல் நிற்கிறான். உண்மையில் நடித்தவன் அவன். நடித்தவனுக்குச் சாபம் என்று ஒரு போர்வை கிடைத்தது. மறந்தவளுக்குப் பழிகாரி என்று பட்டம் கிடைக்கிறது.

அல்சைமர் என்ற டாக்டர் பெயரில் இந்த நோய் அறியப்படுகிறதே, அவர் முதன்முதலில் விவரித்த நோயாளி ஒரு பெண்தான். ஆகுஸ்டே டெட்டர். 1901-இல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது வயது 51. அவளிடம் முதலில் தெரிந்த அறிகுறி என்று அவர் எழுதிவைத்தது, கணவன் மேல் வந்த பொறாமை. நோய் அங்கே தொடங்கியது. அவள் 1906-இல் இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் காரணம் தெரிந்தது. அதற்கு முன் அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஆப்ரி போனதும் ஃபியோனா படுத்த படுக்கையாகிறாள். கிராண்ட் மரியனிடம் போய்ப் பேசி, ஆப்ரியைத் திரும்பக் கொண்டுவருகிறார். வந்து பார்த்தால், அந்த நேரம் அவளுக்கு ஆப்ரியைத் தெரியவில்லை, கிராண்டைத் தெரிகிறது. கட்டிக்கொள்கிறாள். தண்டனைக் காலம் முடிந்தது, மன்னித்துவிட்டாள் என்றார் நண்பர். கோடநாடு காட்சிமுனையில் நின்றிருக்கிறீர்கள்தானே? மஞ்சு மூட்டம் ஒரு நிமிடம் விலகும், கீழே மாயாறு பள்ளத்தாக்கு தெங்குமரஹடா வரைக்கும் தெரியும், திரும்ப மூடிக்கொள்ளும். அது யாரையும் மன்னித்து விலகுவதில்லை. அம்மாவுக்கும் அப்படி இரண்டு தடவை விலகியது. ஒரு தடவை அப்பா அங்கே இல்லை.

கிராண்ட் குற்றவுணர்ச்சியால் செய்தாரா, அன்பால் செய்தாரா என்று ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் பேசினார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா விஷயத்தில் இன்றுவரை எனக்குத் தெரியாது, கிராண்ட் விஷயத்தில் எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் நடித்தவர் ஒருவர் உண்டு. அது அம்மா இல்லை.

அப்பா சாவதற்கு ஒரு வருடம் முன்னால், 2018-இல், ஒரு நாள் காலையில் பின்வாசல் வழியாக வெளியே போனார். வீட்டைச் சுற்றி வந்து முன்கதவைத் தட்டினார். "என்னங்கம்மா, வீட்டுல இருக்கீங்களா? பக்கத்துத் தோட்டத்துலேருந்து வர்றேன்" என்றார். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கண்ணே, உக்காருங்க, டீ குடிக்கிறீங்களா?" என்றாள். கட்டிய கணவனை அண்ணே என்று கூப்பிட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்பா உட்கார்ந்துவிட்டார். அம்மாவை அடுப்புப் பக்கம் விட முடியாது. நான் டீ போட்டு அவள் கையில் கொடுப்பேன், அவள் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பாள். அதற்கப்புறம் தினமும் இதுதான். மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு சுற்றி வருவார். திருப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை மன்னிப்பு அவர் கேட்டதில்லை, என்னிடமும் கேட்டதில்லை. அதற்காக நான் அவர் மேல் கோபமாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்பார்.

"திருப்பூர்ல இருக்கார்ண்ணே. இன்னும் காணோம்."

அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்வார்: "கெளம்பிட்டாராம்மா. மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறிட்டாராம்."

"அப்படியா?" என்று அம்மா உடனே எழுந்துகொள்வாள். என் பக்கம் திரும்பி, ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடச் சொல்வாள்.