பந்து வளைந்தது தலையைத் தூக்கியதால் அல்ல, அண்ணாச்சி!

பாளையங்கோட்டைக்கு வெளியே, பொத்தை ஓரத்துப் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் கோல்ஃப் பந்து அடித்துப் பழகுகிறோம். இரண்டு வருஷமாக நான் டிரைவர் என்கிற நீளமான கோல்ஃப் மட்டையை எடுத்தாலே பந்து நேராகக் கிளம்புவது மாதிரி கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து உடங்காட்டுக்குள் போய் விழுகிறது. பந்து ஒன்று 250 ரூபாய். சரி, முள்ளுக்குள் போன பந்து போகட்டும். ஒவ்வொரு அடிக்கும் பின்னாலிருந்து "தலையத் தூக்கிட்டீங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல் வருகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தலைக்கும், ஸ்லைஸ் என்கிற இந்த வலப்பக்க வளைவுக்கும் என்னய்யா சம்பந்தம்? கிளப், அதாவது மட்டை, வீசி வருகிற பாதை ஒன்று, பந்தைத் தொடும்போது அதன் முகம் பார்க்கிற திசை ஒன்று. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து சாய்ந்து சுழலும், வலப்பக்கம் வளையும். டேபிள் டென்னிஸில் மட்டையைக் குறுக்கே இழுத்து வெட்டுகிறோமே, அதே வேலைதான். "ஆடிக் காத்து இழுக்குது" என்று ஒருவர் சொன்னார். காற்று வளைவைக் கூட்டும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இலை அசையாத மார்கழிக் காலையிலும் வளைந்ததே!

எல்லாவற்றையும்விட மோசம், "இடப்பக்கம் திரும்பி நில்லுங்க" என்பது. காசு வாங்கிய பயிற்சியாளரும் இதையே சொன்னார், ஆறு மாதம் கேட்டேன். பனைமரத்துக்கு இடது பக்கம் குறி வைத்தால் தோளும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, கிளப் வெளியிலிருந்து உள்ளே இன்னும் குறுக்காக வெட்டுகிறது. பாதை 8 டிகிரி இடப்பக்கம், முகம் 2 டிகிரிதான் இடப்பக்கம் என்று வையுங்கள். பந்து பெரும்பாலும் முகம் பார்க்கிற பக்கம் கிளம்பும், அப்புறம் அந்த 6 டிகிரி வித்தியாசம் அதை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நோயை வளர்க்கிற மருந்து இது!

ஒருத்தராவது என் கையைப் பார்த்தாரா? இடக்கை உறை உள்ளங்கைக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில், தேய்ந்து ஓட்டையாகிக் கிடந்தது. விரல்களில் பிடிக்க வேண்டிய கிளப்பை உள்ளங்கையில் பிடித்திருக்கிறேன். குனிந்து பார்த்தால் இடக்கையில் ஒரு விரல் முட்டிதான் தெரிந்தது. அப்படிப் பிடித்தால் கிளப்பின் முகம் திறந்தபடியேதானே வரும்! கையை வலப்பக்கம் திருப்பி, இரண்டு முட்டிக்குக் கொஞ்சம் கூடவே தெரிகிற மாதிரி பிடித்தேன். டிரைவர் முகத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு அடித்துப் பார்த்தால் பந்தின் தடம் நடுவில் இல்லை, கம்பிப் பக்கமாகப் பதிந்திருந்தது. அப்படிப் பட்டாலும் டிரைவரில் வளைவு கூடும். எனவே பந்தைவிட்டு ஒரு விரல்கடை தள்ளி நின்றேன். கீழே இறங்கும்போது தோள் முந்தாமல் இடுப்பு முதலில் திரும்பப் பழகினேன். மூன்று வாரம், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பந்து பனைக்கு நேரே போய், கடைசியில் லேசாக வலப்பக்கம் சாய்ந்து பொட்டலிலேயே விழுந்தது. "பாத்தீங்களா, இன்னைக்குத் தலையத் தூக்கல" என்கிறார் பின்னாலிருந்து குரல் கொடுக்கிற அதே ஆள். உறையைக் கழற்றி அந்த ஓட்டையை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.