சின்னம்மாவின் 40 ஆண்டுகள்

அடுத்த கிழமை சின்னம்மாவின் 31ஆம் நாள். நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததைப் பெரியமாமா திருத்தி அனுப்பியிருக்கிறார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், தையலில் கெட்டிக்காரி என்பதெல்லாம் இருக்கிறது. அதன்பிறகு ஒரே வரி: "சில காலம் சுகவீனமுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்."

அந்தச் "சில காலம்" 40 ஆண்டுகள்.

மாமாவின் பயம் எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. "பரம்பரையில் விசர் இருக்கிறது" என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். ஆனாலும் ஒரு மனுசியின் பாதிக்கு மேற்பட்ட வாழ்க்கையை அடித்துவிட்டு மிச்சத்தை அச்சடிக்க என்னால் முடியவில்லை.

1985இல் அவருக்கு 23 வயது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தன் பற்களுக்குள் கதைக்கின்றன என்று சொல்லத் தொடங்கினார். நூல் கட்டினார்கள், நேர்த்தி வைத்தார்கள், கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் குளிக்கவைத்தார்கள். கடைசியில்தான் கொழும்புப் பக்கம் இருக்கும் அங்கொடை மனநல ஆஸ்பத்திரி. எங்கள் ஊரில் அந்தப் பெயர் ஒரு வசைச்சொல். சின்னம்மாவுக்கோ அது ஒன்றரை வருடத்துக்குப் பிறகு விடியும்வரை நித்திரை கொண்ட இடம். அவரே அப்படித்தான் சொல்வார்.

போர்தான் அவரை இப்படி ஆக்கியது என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு வந்த நோயின் பெயர் மனச்சிதைவு. அது பெரும்பாலும் அந்த வயதில்தான் தலைகாட்டும். குண்டுச் சத்தமே கேட்காத நாடுகளிலும் வரும். போர் செய்தது வேறு. பாதை பூட்டிய நாட்களில் குளிசை வரவில்லை. குளிசை நின்றால் கப்பல்கள் திரும்பி வந்தன.

குளிசை ஒழுங்காகக் கிடைத்த வருடங்களில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். திருகோணமலையில் மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, நகருக்குள்ளும் திரியும். சின்னம்மா அயலில் நாலு வீட்டு வாழைப்பழத் தோலையும் மரக்கறிக் கழிவையும் வாங்கி, முற்றத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். ஒட்டியிருக்கும் பொலித்தீன் துண்டுகளை நகத்தால் சுரண்டி எடுப்பார். மருந்தால் அவருடைய விரல்கள் நடுங்கும். ஒரு தோலுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகும். "பொலித்தீன் வயிற்றில் போனால் அது வாயில்லாத சீவன், யாரிடம் சொல்லும்?" என்பார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடப்பார். கிளினிக் கொப்பியையும் தானே வைத்திருந்தார். எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று தாதிக்கே சொல்லிக் கொடுப்பார்.

கடைசி வருடங்களில் எடுத்த ஒலன்சபின் என்ற குளிசை கப்பல்களை அடக்கியது. உடம்பைப் பருக்கவைத்தது, சீனி வருத்தமும் வந்தது. இரண்டும் அந்த மருந்தோடு வரக்கூடியவை.

அந்தக் கடைசி நாள் விடியற்காலையில் தாடையைப் பிடித்துக்கொண்டு, "பல்லுக்குக் கீழே கம்பி போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது" என்றார். நான் கேட்டேன்: "கப்பல் திரும்பவும் கதைக்கிறதா சின்னம்மா?"

"இது கப்பல் இல்லை மகன். இது நோவு."

எது கப்பல், எது நோவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. பத்து மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் கொப்பியின் முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு மனநோய் மருந்தைக் கூட்டுவதைப் பற்றித்தான் கதைத்தார்கள். பின்னேரம் ஈ.சி.ஜி. எடுத்தபோது நேரம் கடந்துவிட்டது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோவாகவே வராமல், தாடையில் மட்டும் காட்டலாம் என்று பிறகுதான் படித்தேன். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் எழுதியிருக்கிறது. பெரும்பாலும் இதயம், சீனி, தொற்று போன்ற உடல் நோய்களால்தான்.

செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லாம் "பாவம், அவருக்கு விடுதலை" என்றார்கள். எதிலிருந்து விடுதலை? அவருடைய கொப்பியில் அடுத்த கிளினிக் திகதி குறிக்கப்பட்டிருந்தது. வாளியில் முதல்நாள் பிரித்த தோல் இருந்தது.

மாமா, மலர் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, நோயின் பெயரைச் சொல்லி, மான்களையும் சேர்த்து, நான் முதலில் எழுதியதைப் போடச் சம்மதியுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் பிள்ளையிடமும் கேட்டுவிட்டேன். "போடுங்கள் அண்ணா" என்றாள்.