முங்கிப்போன முட்டை

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும். இதை எத்தனை வருஷம் செய்து காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு டம்ளரில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர், ரெண்டு முட்டை. ஒன்று முங்கும், ஒன்று மிதக்கும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். பத்து நிமிஷ வேலை.

போன கார்த்திகையில், கடலூர் முதுநகர் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் எழுந்தாள். "சார், ஞாயித்துக்கெழம தேவனாம்பட்டினம் போனப்ப பாட்டில்ல கடல் தண்ணி புடிச்சாந்தேன். முட்டையப் போட்டேன். முங்கிப்போச்சு சார்."

"பழைய முட்டையா இருக்கும், உக்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அப்புறம் உறைத்தது. தப்பாகச் சொன்னதோடு தலைகீழாகவும் சொல்லியிருக்கிறேன். மிதப்பது பழைய முட்டைதான். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெருத்துவிடும். இது வீட்டில் என் அம்மாவுக்கே தெரியும். இருபது வருஷம் அறிவியல் எடுத்தவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

மறுநாள் அவளையே தண்ணீர் கொண்டுவரச் சொன்னோம். ஒரு லிட்டர் கடல் தண்ணீர், கடையில் அன்று காலை வாங்கிய முட்டை. முங்கியது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். புது முட்டையைத் தூக்க அது போதாது. மேசை உப்பைத் தராசில் பத்துப் பத்து கிராமாக நிறுத்துப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தோம். ஐந்தாவது தடவை ஒன்றுமில்லை. ஏழாவதில் முட்டையின் ஒரு முனை மட்டும் தரையை விட்டு எழுந்து ஆடியது. வகுப்பே மூச்சுவிடவில்லை. எட்டாவதில் மேலே வந்துவிட்டது. ஆக, கடலைப் போல மூன்று மடங்கு உப்பு வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமும் நான் வகுப்புக்கு முன்னாலேயே டம்ளரில் ரெண்டு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டு வைத்திருந்தேன், அளக்காமல். "செய்முறையாகக் கற்பிக்கிறேன்" என்ற பெருமை வேறு.

இதைச் சொல்வதற்குக் காரணம், இப்போது எங்கே போனாலும் செயல்வழிக் கற்றல் என்று பேசுகிறோம். நல்லதுதான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்க வந்து, பாட அட்டையும், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படியுமாகப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் கை வேலை செய்தால் மூளை தானாகப் பின்னால் வந்துவிடும் என்று நாமாகவே முடிவுகட்டிக்கொண்டோம். வராது. 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, நூல் நூற்கும் தக்ளியை வைத்துக் கணக்கும் பருத்தியின் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் எண்ணம். பல ஊர்களில் கடைசியில் மிஞ்சியது நூற்ற நூல் மட்டும்தான்.

நம் சோதனைக் குறிப்பேட்டின் தலைப்புகளையே பாருங்கள். நோக்கம், தேவையானவை, செய்முறை, காண்பன, அறிவன. கண்டது இல்லை, காண்பன. எதைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே எழுதியாகிவிட்டது. "நீ என்ன நடக்கும் என்று நினைத்தாய்?" என்பதற்கு இடமே கிடையாது. அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆச்சரியம் எங்கிருந்து வரும்? மேல் வகுப்பில் ஊசல் சோதனை செய்தவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வரும்வரை அளவீட்டைத் திருத்தாதவர் எத்தனை பேர்? நான் திருத்தியிருக்கிறேன்.

பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் செயல்திட்டமும் உண்டு என்று வந்தபோது சந்தோஷப்பட்டேன். மஞ்சக்குப்பம் ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் எரிமலை தொங்க ஆரம்பித்தது. (சூரியக் குடும்பம் கொஞ்சம் விலை கூடுதல்.) பெற்றோரைக் குறை சொல்லவில்லை, நாங்கள் மதிப்பெண் போட்டது பொருளுக்குத்தானே.

நேரம் இல்லை, போர்ஷன் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வது பொய்யில்லை. அந்த முட்டை எனக்கு மூன்று பீரியடைத் தின்றது. அதனால் எல்லாப் பாடத்துக்கும் செய்யச் சொல்லவில்லை. பருவத்துக்கு ரெண்டு செய்யுங்கள். மீதியைப் பலகையில் எழுதிப் போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அந்த ரெண்டில், தொடங்கும் முன் நினைத்ததை எழுத வையுங்கள். முடிந்த பின் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பேசவிடுங்கள்.

நாங்கள் பேசவிட்டபோது, அதுவரை வாயே திறக்காத மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் சொன்னான்: "இப்ப மழத்தண்ணி எறங்கியிருக்கு சார். கெடிலமும் பெண்ணையாறும் கொட்டுது. கடத்தண்ணி சப்புன்னு இருக்கும். வெயில்ல பாத்தா மெதக்கும்." பருவமழையில் கரையோரக் கடலில் உப்பு குறைவது உண்மை. அவன் சொன்னதை அப்படியே கரும்பலகை ஓரத்தில் எழுதி, அழிக்கக் கூடாது என்று கட்டம் போட்டு வைத்தோம்.

பங்குனியில் ரெண்டு பாட்டில் கொண்டுவந்தான். முங்கியது. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மரக்காணத்துல உப்பளம் இருக்குல்ல சார், கடைசிப் பாத்தித் தண்ணி எவ்ளோ உப்பு இருக்கும்?"

அவன் மாமா அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறாராம். பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறோம்.