‘எனக்கும் அதே கதைதான்’ என்று இன்னொருவர் சொன்னால்…

எங்கள் ஆன்லைன் வகுப்பில் 42 பேர். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அசைன்மென்ட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போது வகுப்புக் குழுவில் கேட்டேன்: “படிக்க உட்காருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” அப்படிக் கேட்டதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தே நிமிடத்தில் பதினேழு “எனக்கும் அதே கதைதான்”. சிரிப்புப் பொம்மைகள் தனிக்கணக்கு. தொலைந்துபோன கூட்டாளியைக் கண்டுபிடித்ததுபோல் அத்தனை பேருக்கும் சந்தோஷம். சரி, கதை அதேதான். அப்புறம்? அதற்குப் பதில் இல்லை.

அடுத்து ஆலோசகர்கள் கிளம்பினார்கள். பொமொடோரோ முறையாம்: 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ அதை உருவாக்கியபோது அவரிடம் இருந்தது தக்காளி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம். நம் ஆட்களோ எந்த ஆப் நல்லது என்று இரண்டு நாள் வாதாடினார்கள். பின்னணியில் மழைச் சத்தம் வேண்டுமா, அலைச் சத்தம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வேறு!

ஒருவர் ஏழு நிறத்தில் அட்டவணை போட்டு அனுப்பினார். அதை வரையவே ஒரு மாலை முழுதும் போயிருக்கும். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வை அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்களாம். முடித்தபோது 55 நாளைத் தாண்டிவிட்டதாம். “அருமையான தகவல்” என்று ஒரு கட்டைவிரல் வந்தது. அட்டவணையில் ஒரு கட்டம்கூட மாறவில்லை.

சரி, பேசியாவது தீர்ப்போம் என்று வீடியோ அழைப்பு வைத்தேன். பதினொரு பேர் வந்தார்கள், ஒன்பது கேமரா இருட்டு. “நீங்க சொல்லுங்க.” “இல்ல, நீங்க முதல்ல சொல்லுங்க.” கடைசியில் ஒருவர் வாய் திறந்து, “நம்மகிட்ட ஒழுக்கம் இல்லைங்க, அவ்வளவுதான்” என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுக்கமாவது ஒன்றாவது! தள்ளிப்போடுவது அந்த நேரத்து மனச்சங்கடத்திலிருந்து தப்பிக்கிற வழி என்று சிரோயிஸ், பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-லேயே எழுதிவிட்டார்கள். பயம், சலிப்பு, புரியாத பாடம், இவற்றிலிருந்துதான் ஓடுகிறோம். அப்படியென்றால் நாம் ஒருவரையொருவர் கேட்க வேண்டியது, “எந்தப் பக்கத்தைத் திறந்தால் உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது?” என்பதுதானே? கேட்டேன். கப்சிப். “நான் சோம்பேறி” என்று சிரித்துக்கொண்டே சொல்ல 17 பேருக்கு முடிகிறது. “இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை” என்று சொல்ல ஒருத்தருக்கும் நா எழவில்லை. சோம்பேறிப் பட்டம் பெருமை, புரியாதது மானக்கேடு. என்ன கணக்கு இது?

அன்றிரவு ஒரு வகுப்புத் தோழி தனியாக எழுதினார்: “ரெண்டாவது கேள்வில ‘ஒப்பிடுக’ன்னு இருக்கே, எதை எதோட ஒப்பிடணும்? ஒரு வாரமா அங்கேயே நிக்கிறேன்.”

நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அழைப்பில் சேர்ந்து கேள்வியை நான்கு முறை படித்தோம், நான்காம் பாட வீடியோவைத் திரும்ப ஓட்டினோம். பிறகு மைக்கை அணைத்துவிட்டு ஆளுக்கு ஒரு பத்தி எழுதினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. “குழுவில சொல்லிடாதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

குழுவில் அப்போது, ‘தள்ளிப்போடாத 21 நாள்’ சவாலை என்று தொடங்கலாம் என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி முன்னணியில் இருந்தது.